குடாவின் கதவு

வேல்ஸின் அந்தக் கரையில், இலையுதிர் காலத்தில் கடல்நாய்கள் பாறைக்குடாக்களில் குட்டி போடும். குட்டியை முதலில் பார்ப்பவர் ரேடியோவில் குடாவின் பெயரைச் சொல்லி, "கதவு சாத்தியாச்சு" என்பார். கடலில் இருக்கும் ஒவ்வொரு படகும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதன்பிறகு, குட்டி வெள்ளை ரோமம் உதிர்த்துத் தானாக நீரில் இறங்கும்வரை யாரும் உள்ளே போவதில்லை.

சிவப்புக் குடாவின் குட்டியை மெலெரி போன வாரமே பார்த்துவிட்டாள். இன்னும் சொல்லவில்லை. எம்ரிஸ் மாமா தடுத்திருந்தார். அவளுடைய அம்மாவின் தம்பி. கயாக் என்னும் ஒற்றையாள் துடுப்புப் படகுகளில் பயணிகளைக் கூட்டிப்போகும் கம்பெனியில் அவள் வழிகாட்டி; அதன் முதலாளியும் அவர்தான். புது விளம்பரத்துக்கு, குட்டியின் முகத்தை மிக நெருக்கத்தில் எடுத்த படம் அவருக்கு வேண்டும். "ஒரே ஒரு படம். அப்புறம் சாத்திக்கோ" என்றிருந்தார். வாயை மூடிக்கொண்டதில் இருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்று முன்னால் மாமாவின் கயாக், நடுவில் லண்டன் புகைப்படக்காரன் கிரிஸ்பின், பின்னால் அவள்.

குடாவை நெருங்கியதும் மாமா குரலைத் தாழ்த்தினார். "மூச்சு விடக் கூடாது. நேரா, மெதுவாப் போவோம்."

"அதான் மாமா தப்பு. பேசிக்கிட்டு, பக்கவாட்டுல போனா ஆளுங்கன்னு விட்டுடும். பதுங்கி நேரா மூக்க நீட்டுனா, கடிக்க வர்ற எதுவோன்னு நினைக்கும். நீங்கதான வர்றவங்களுக்கெல்லாம் சொல்லித் தருவீங்க?"

"அது வாடிக்கையாளருக்கு."

"கடல்நாய்க்கும் அத சொல்லிட்டீங்களா?"

அவர்கள் பேசிய வெல்ஷ் மொழி புரியாத கிரிஸ்பின் திரும்பினான். "என்ன சொல்றாங்க?"

"வானிலை பத்தி" என்றார் மாமா.

கூழாங்கல் கரையில் தாய் படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டி, அழுக்கு வெள்ளையாக, குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. மாமா ஓசையில்லாமல் துடுப்பை இழுத்தார். தாய் தலையைத் தூக்கியது. அப்படியே உறைந்து பார்த்தது. இன்னும் நெருங்கினால் கடலுக்குப் பாயும். அத்தனை கனமும் குட்டியின் மேல் உருண்டுபோகும். குட்டி பிழைத்தாலும், தாய் திரும்பி வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

மெலெரி வெளிப்பக்கமாகச் சுற்றி முந்தினாள். குடாவின் குறுகிய வாயில் தன் கயாக்கைக் குறுக்கே நிறுத்தினாள்.

"நகருடி."

"மாட்டேன்."

"படகு யாரோடது?"

"உங்களோடதுதான். கரையில வந்து தர்றேன். இப்ப இது கதவு."

மார்பில் மாட்டியிருந்த ரேடியோவை அழுத்தினாள். "எல்லாப் படகுக்கும், மெலெரி பேசுறேன். சிவப்புக் குடாவுல குட்டி இருக்கு. கதவு சாத்தியாச்சு."

கரகரப்பு. பிறகு நண்டு பிடிக்கும் இஃபோரின் கட்டைக்குரல்: "சிவப்புக் குடா, சாத்தியாச்சு. நல்லது புள்ள."

அடுத்து, வெளிக்கடலில் வந்துகொண்டிருந்த தீவுப் படகோட்டி மோர்வென்: "சாத்தியாச்சு. ஏம்ப்பா எம்ரிஸ், அங்க நிக்கிறது உன் கயாக்தான? வாயில என்ன கொழுக்கட்டையா?"

மாமாவின் மார்பிலிருந்த ரேடியோவிலும் அதே குரல்தான் வந்தது. கழுத்துவரை சிவந்துபோனார். கடல் முழுக்கக் காத்திருந்தது.

"எம்ரிஸ்" என்றார் கடைசியில். "சாத்தியாச்சு." ரேடியோவை விட்டதும் சீறினார்: "நாளைல இருந்து வேலைக்கு வராத."

"சரி. துடுப்பு என்னோடது. எடுத்துக்கிட்டுப் போறேன்."

"இதுவும் வானிலையா?" என்றான் கிரிஸ்பின்.

"புயல்" என்றாள் மெலெரி.

அவர்கள் விலகிப் போனபிறகுதான் அவள் கயாக்கை அசைத்தாள். பக்கவாட்டிலேயே, அவசரமில்லாமல், கடைத்தெருவில் பேசுகிற குரலில் பேசிக்கொண்டே விலகினாள்.

"கேட்டியா? எனக்கு வேலை போச்சு. நாளைக்கு யார் படகுலயாவது இந்தப் பக்கம் வருவேன். உள்ள மட்டும் வர மாட்டேன். எவனையும் விடவும் மாட்டேன்."

தாய் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தலையைக் கூழாங்கற்களின் மேல் சாய்த்துக்கொண்டது.