இருபதாவது ஆள்

டெல்மர் கிழவர் கைத்தடி இல்லாமல் எழுந்து நின்றபோதே நான் மனசுக்குள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். எங்கள் கென்டக்கி மலைப்பக்கத் தேவாலயங்களில் பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம் வரும். ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம்.

"பக்கவாதம் வந்து கட்டில்ல கெடந்தேன். ஆண்டவரும் நம்ம ரேமோனாவும் சேந்து எழுப்பி விட்டாங்க. இன்னிக்கு என் வண்டிய நானே ஓட்டிட்டு வந்தேன்!"

ஆமென் என்று கூரை அதிர்ந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய? பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் உள்ளுக்குள் பத்தொன்பது, பத்தொன்பது என்று ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கே போய் வைத்தியம் பார்க்கும் நிறுவனம் என்னுடையது. நிறுவனம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நான், ட்ரீனா என்ற இன்னொரு நர்ஸ், இரண்டு பழைய கார்கள், மருந்துக்கடை மாடியில் ஓர் அறை. வெளியே நடமாட முடியாதவர்களுக்குத்தான் அரசுக் காப்பீடு பணம் தரும். அறுபது நாளுக்கு ஒருமுறை, இன்னும் அதே நிலைதானா என்று நான் பார்த்து எழுத, டாக்டர் கையெழுத்துப் போடுவார். அந்த நோயாளிகள் எப்போதாவது தேவாலயத்துக்குப் போகலாம், முடி வெட்டிக்கொள்ளப் போகலாம். தானே வண்டி ஓட்டுகிறவரை மட்டும் எப்படியும் அதில் சேர்க்க முடியாது. நல்ல லாபம் வரும் தொழில் என்று எவனோ சொன்னதைக் கேட்டு வீட்டை அடமானம் வைத்தேன். நோயாளி செத்தால் எனக்கு நஷ்டம். தேறினாலும் நஷ்டம். இருபது பேர் இருந்தால்தான் ட்ரீனாவுக்குச் சம்பளம் போட முடியும், டெல்மர்தான் அந்த இருபதாவது ஆள். அவருடைய அறுபது நாள் மறுநாள் திங்களோடு முடிகிறது.

திங்கள் காலையில் போனபோது முற்றத்தில் வண்டி இல்லை. கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் மறைந்து நின்றது. கூடத்தில் அவர் சக்கர நாற்காலியில், காலுக்கு மேல் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த நாற்காலியை மடித்து உள்ளே போட்டவளே நான்தான்.

"என்ன பெரியவரே, இது என்ன கூத்து?"

"முடியலம்மா. நேத்து ஏதோ வேகத்துல ஓட்டிட்டேன்." என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"யாரு உங்ககிட்ட என்ன சொன்னா?"

"ட்ரீனாவோட அம்மாதான். நேத்து சர்ச் வாசல்லயே புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா. 'சாட்சி சொல்லியே என் பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே'ன்னு. எனக்கென்னம்மா தெரியும்? உனக்கு நாலு பேர் முன்னாடி நல்ல பேரு வரட்டும்னு சொன்னேன்."

"எழுந்திரிங்க முதல்ல."

"மாட்டேன். நடக்க முடியலன்னு எழுதிக்கோ. நீ வராட்டி நான் யாரோட பேசுறது, செவுத்தோடயா?"

கோபம்தான் வரும் என்று நினைத்தேன், அழுகை வந்தது. அந்தக் கால்களுக்கு அடியடியாக நடை பழக்கியவள் நான். பொய் எழுதினால் ஜெயில். நிஜத்தை எழுதினால் ட்ரீனாவை அனுப்ப வேண்டும், ஆறு மாதத்தில் வீடும் போகும். ஊரே காதாரக் கேட்ட சாட்சியை எந்தத் தாளில் மறைப்பேன்?

"ஞாயித்துக்கெழம எப்படி வருவீங்க?"

"வரமாட்டேன். கேட்டா படுத்த படுக்கையா கெடக்கேன்னு சொல்லிடு."

நோயாளி விவரம் பதியும் டேப்லெட் கணினியைத் திறந்தேன். பிறர் உதவி இல்லாமல் எத்தனை அடி நடக்கிறார் என்று கேட்டு, கட்டம் காலியாக நின்றது. அவர் கம்பளிக்கடியில் துழாவி வண்டிச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார்.

"நீயே வச்சுக்கோம்மா. கையில இருந்தா ஓட்டத் தோணும்."

சாவி அவர் கைச்சூட்டில் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. திரை மங்கத் தொடங்கியது. அணைந்துவிடாமல் இருக்க, எதையும் எழுதாமல், அதை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன்.