சித்தி சொன்னால் சரி

என் ஆய்வு வழிகாட்டியைப் பளாரென்று அறைந்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வானொலிக் காலத்துக் கோட்பாடு ஒன்று உண்டு. செய்தி நேராக மக்களை மாற்றுவதில்லை. சுற்றத்தில் மதிப்புள்ள ஒருவர் எடுத்துச் சொன்னால்தான் மற்றவர்கள் நம்புகிறார்கள். அது வாட்ஸ்அப்புக்கும் பொருந்துமா என்பதே என் ஆய்வு. எங்கள் குடும்பக் குழுவில் யார் சொன்னால் யார் கேட்கிறார்கள் என்று வரைந்து பார்த்தேன். எல்லாக் கோடும் சித்தியிடம் போய் நின்றது.

அந்தப் படத்தைப் பெயர், நம்பரோடு சர்க்கரை வியாதிக்குப் பொடி விற்கும் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார் வழிகாட்டி மகானுபாவர். அவர்கள் சித்திக்கு இலவச டப்பா அனுப்பி, போனில் தேனொழுகப் பேசினார்கள். பொடி நல்லதென்று சித்தி குழுவில் போட்டாள். முதலில் நம்பியவர் சித்தப்பா. இன்சுலினை நிறுத்தினார். காலில் புண் வந்தது. மறுபடி ஊசி போடாவிட்டால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எங்க சித்தப்பா காலு சார் அது!" என்று வழிகாட்டியிடம் போய்க் கத்தினேன்.

"எதுக்கும்மா கோவம்? உன் ஆய்வு சரின்னு ஆயிடுச்சுல்ல?" டீயை ஊதிக்கொண்டே சொன்னார், பாவி.

நேராகச் சித்தி வீட்டுக்குப் போனேன். என்ன சொல்லியும் சித்தப்பா மசியவில்லை. சித்தியைப் பிடித்துக்கொண்டேன்.

"சொன்ன வாயால எப்படிடி மாத்திச் சொல்றது? என்னை யாரு மதிப்பா?" என்று அழுதாள்.

"மதிப்பு பெருசா, அவர் காலு பெருசா?"

சித்தப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சியபடி சித்தி குழுவில் தட்டினாள்: 'பொடி ஏமாத்து வேலை. நான் சொன்னது தப்பு. எல்லாரும் பழைய மருந்தையே எடுத்துக்கங்க.'

அடுத்த நிமிடமே பெரிய மாமா எழுதினார்: 'தங்கச்சி இப்படிப் பேசவே மாட்டா. போனை எவனோ ஹேக் பண்ணிட்டான். யாரும் நம்பாதீங்க.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை உடைத்திருப்பேன்.

"நான்தாங்க போட்டேன்! உங்க கண்ணு முன்னாடிதானே போட்டேன்!" என்று சித்தி சித்தப்பாவின் தோளை உலுக்கினாள்.

சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். நான் ஊசியை நீட்டினேன். கையை இழுத்துக்கொண்டு சித்தி பக்கம் திரும்பினார்.

"நீ சும்மா இரு. இத்தனை பேரு சொல்றாங்க, அது நீ இல்லைன்னு."