தாடையில் மறுபடியும்

விரல் நுனிக்கு அடியில் உருண்டு நிற்கிறது, தொட்டால் காதுவரை வலிக்கிறது, மறுபடியும் அதே இடது தாடை, கண்ணாடியில் இன்னும் தெரியவில்லை, ஆனால் சுகிர்தாவுக்குத் தெரியும், நாளை மறுநாள் சிவக்கும், பார்லருக்கு வருகிற ஒவ்வொருத்தியும் முதலில் பருவைப் பார்ப்பாள், பிறகுதான் அவள் கண்ணைப் பார்ப்பாள், முப்பத்திரண்டு வயதில் இதென்ன கொடுமை, பதினாறில் வந்தபோது கல்யாணமானா போயிடும் என்றாள் அத்தை, கல்யாண ஆல்பத்தில் பவுடர் அப்பிய தாடையோடு நிற்கிறாள், புள்ள பெத்தா போயிடும் என்றாள் மாமியார், மகன் இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டான், இது மட்டும் போகவில்லை, எலுமிச்சை தேய்த்தாள், பற்பசை வைத்தாள், கடலை மிட்டாயை விட்டாள், மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு சொல்லிவைத்தாற்போல வந்து நிற்கிறது.

தில்லை நகர் பார்லரில் அவளுக்கு வேலை கொடுத்த ஹேமலதா மேடம்தான் அந்த வெள்ளை டப்பாவை நீட்டியது, மேலே பெயர்கூடக் கிடையாது, நம்ம ஸ்பெஷல் க்ரீம்டி, பத்தே நாள் பாரு என்றார், பத்து நாளுக்குள் முகம் வழவழவென்று ஆகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே எடுத்துக் கொடுத்தாள், நானே போடுறேன் பாருங்க என்று கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள், கல்லூரியில் படிக்கிற நஸ்ரினுக்கும் அப்படிக் காட்டித்தான் கொடுத்தாள், பிறகு டப்பா தீர்ந்து நாலு நாள் விட்டபோது முன்பைவிட இரண்டு மடங்கு கிளம்பியது, போட்டால் அடங்கும், விட்டால் கிளம்பும், எட்டு மாதம் இதே கதை, வெயில் பட்டால் எரிச்சல், கன்னத்தில் நூல் நூலாய்ச் சிவப்பு நரம்பு.

அரசு மருத்துவமனையில் டாக்டர் கிறிஸ்டினா முகத்தைத் திருப்பிப் பார்த்தார், இது ஸ்டீராய்டு கலந்த க்ரீமா இருக்கணும், நிறுத்துங்க, நிறுத்தினா கொஞ்ச நாள் இன்னும் மோசமா வரும், பயந்துபோய் மறுபடி போட்டுறாதீங்க என்றார், வெளியில தெரியற பரு தோலுக்கடியில பல வாரம் முன்னாடியே உருவாயிடும்மா, அதனால மருந்தை பரு மேல மட்டும் வைக்காம முகம் முழுக்க மெல்லிசா போடணும், மூணு மாசமாவது பிடிக்கும், அடங்கின உடனே எல்லாரும் விட்டுடுறாங்க, அதான் திரும்ப வருது, தாடையிலயே வர்றதால ஹார்மோனும் பாத்துடலாம், ஒரு ஸ்கேன் எழுதுறேன். அப்ப இது முழுசா போகவே போகாதா டாக்டர், சுகிர்தாவின் குரல் அவளையறியாமல் உயர்ந்துவிட்டது, பதினாறு வருஷமா இதே பதில்தான் கேக்குறேன். டாக்டர் கோபப்படவில்லை, கட்டுப்பாட்டுல வச்சுக்கலாம்மா, அதுக்குப் பொறுமை வேணும் என்றார், பொறுமையாம், பொறுமை.

சொன்னபடியே மோசமாகத்தான் வந்தது, இரண்டு கன்னமும் வெந்தது போலாகிவிட்டது, மணப்பெண் அலங்காரத்துக்கு வந்த ஒருத்தியின் சித்தி, இவங்க மூஞ்சியே இப்படி இருக்கு, இவங்களா போடப்போறாங்க என்று அவள் காதுபடவே கேட்டாள், மேடம் சுகிர்தாவை உள்ளறைக்கு அனுப்பினார், கொஞ்ச நாள் கால் மட்டும் பாரு சுகி, முன்னாடி வராத. குட்டை முக்காலியில் குனிந்து யார் யாருடைய குதிகாலையோ தேய்க்கிறாள், கையில் பன்னிரண்டு வருடத் தொழில் இருக்கிறது, குதிகால் தேய்க்கிறாள்.

மூன்றாம் வாரம் நஸ்ரினின் குரல் கேட்டது, மேடம், இன்னொரு டப்பா குடுங்க. திரைச்சீலை இடுக்கில் அந்தப் பெண்ணின் கன்னம் தெரிந்தது, அதே சிவப்பு நூல்கள், நான் கொடுத்தது, நான் கன்னத்தைக் காட்டிக் கொடுத்தது, சோப்பு நுரை சொட்டும் கையோடு எழுந்து முன்னால் வந்தாள், வாங்காத நஸ்ரின், என் மூஞ்சியப் பாரு, நல்லாப் பாரு, இந்த க்ரீமாலதான் இப்படி ஆச்சு, தெரியாம உனக்கும் குடுத்துட்டேன், நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரிக்கு வா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். சுகி, கையக் கழுவிட்டு வெளிய போ, இனிமே வராத என்றார் மேடம்.

மறுநாள் மருத்துவமனை வராந்தாவில் பத்து மணிவரை யாரும் வரவில்லை, வேலையும் போனது, முகமும் போனது, இவளும் வரவில்லை என்று எரிச்சலோடு எழுந்தபோது நஸ்ரின் அம்மாவோடு வந்து நின்றாள், எம்பொண்ணு மூஞ்சியக் கெடுத்தது நீங்கதானா என்று அந்த அம்மா கேட்டார், சுகிர்தா ஆமாங்க என்றாள், அந்த அம்மா அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார், உங்களுக்குக் கொறஞ்சிருக்கா என்றார், இன்னும் இல்லைங்க என்றாள், அவர் பெஞ்சில் உட்கார்ந்து தள்ளி இடம் விட்டார். நடுவில் உட்கார்ந்த நஸ்ரினின் கை தானாகக் கன்னத்துக்குப் போய் ஒரு பருவைக் கிள்ளப் பார்த்தது, சுகிர்தா அதைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அது மறுபடியும் மேலே போகப் பார்த்தது, அவள் விடவில்லை, உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை விடவில்லை.