மருமகன் கேட்ட கிராபிக்ஸ் கார்டு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. கரகண்டா நகரத்தில் கோஸ்த்யாவின் கம்ப்யூட்டர் கடையில் மவுஸ் வாங்க நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் இரண்டு வாக்கியம் சொன்னாள். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவற்றைக் கடைசியில் தருகிறேன். நடுவில் உள்ளதெல்லாம் நான் கட்டியது, அவள் பெயர் உட்பட.

2

முதல் தொடக்கம்: ‘பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் சாவ்லே...’

வேண்டாம். கரகண்டாவில் பனி கொட்டாத மாலை என்றால் எழுதலாம்.

இரண்டாவது: ‘சாவ்லே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுபவள்.’ இது போதும். ஸ்டுடியோவில் கூலிக்குச் செய்த வேலையை வீட்டிலிருந்தே செய்ய, தன் சம்பாத்தியத்தில் கம்ப்யூட்டர் வாங்கப் போனாள். எதை எடுப்பது என்று கேட்டுக் கேட்டே கோஸ்த்யாவின் உயிரை வாங்கினாள்.

“இந்த பிராசஸர்ல படம் காட்டுற வசதி உள்ளேயே இருக்கு. அதுல இல்ல, அதான் விலை கம்மி. தனியா கிராபிக்ஸ் கார்டு இல்லேன்னா திரை இருட்டுதான்.”

“கம்மியானதையே போடு. மிச்சத்துல கார்டைப் பெரிசா எடுத்துக்கறேன்.”

“உள்ளேயே இருந்தா ஆத்திர அவசரத்துக்கு உதவும், சாவ்லே.”

“என்ன அவசரம்? வீடு புகுந்து என் கார்டை யாரு கழட்டிட்டுப் போகப்போறா?”

(இந்த வரியை அடித்துவிட வேண்டும். நடக்கப்போவதை இவ்வளவு பச்சையாகவா சொல்வது! ஆனால் ஜனங்கள் இப்படித்தான் பேசித் தொலைக்கிறார்கள். இருக்கட்டும்.)

3

தௌரென் விருந்துக்கு வந்தான். சாவ்லேயின் கணவன் கானத்துக்கு அக்கா மகன். மீசை வைத்த முழு ஆள். நம்மூரில் தாய்மாமன்தான் சீர் சுமந்துகொண்டு போகவேண்டும். இங்கே கரகண்டாவில் மருமகனே வந்து, ஆயுளில் மூன்று முறை, பிடித்ததைக் கேட்பான். மாமன் வீட்டில் மறுக்கக்கூடாது. குதிரைக்குட்டி ஒன்றும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றும் ஏற்கெனவே போயாயிற்று.

இவனை வில்லனாக்கினால் என் வேலை சுலபம். ஆனால் பெஷ்பர்மக் என்ற இறைச்சி உணவை ரசித்துத் தின்று, சமைத்தவளை வாயார வாழ்த்திவிட்டுத்தான் கேட்டான்.

“மாமா, மூணாவது பாக்கி இருக்கே. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற கிராபிக்ஸ் கார்டு வேணும்.”

சாவ்லே சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள்.

“எடுத்துக்கடா மருமகனே, உனக்கில்லாததா!” என்றான் கானத்.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். சனிக்கிழமை கொடுக்கவேண்டிய வீடியோ பாதியில் நிற்கிறது. அதைவிட, தௌரென் கேட்டான், கேட்கிற உரிமை அவனுக்கு உண்டு; கட்டியவன் அவள் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையே!

“அது என்னோடது, கானத்.”

“வீட்டுல இருக்கிறது வீட்டோடது. விருந்தாளி முன்னால என்ன பேச்சு இது?”

தௌரென் நெளிந்தான். “அத்தை, எனக்குத் தெரியாது... வேணாம்னா...”

“வேணாங்கிற பேச்சே கிடையாது. திருப்புளி எங்க?”

4

முடிவு ஒன்று: தௌரென் கேட்டது கம்ப்யூட்டருக்குள் மினுமினுக்கும் விசிறியைத்தான், அதைக் கார்டு என்று நினைத்திருக்கிறான். கழற்றிக் கொடுத்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். (சே! அவள் மனசு விட்டுப்போனதற்கு இது மருந்தா?)

முடிவு இரண்டு: கானத் எழுந்து வந்து, “தப்புதான், சாவ்லே, உன்னைக் கேட்டிருக்க—”

(சொல்ல மாட்டேன் என்கிறான். நான் கட்டிய ஆள், எனக்கே மசியவில்லை.)

முடிவு மூன்று: கானத்தின் கை பட்டால் உடைந்துவிடும் என்று அவளே கழற்றினாள். டப்பாவில் வைத்து, தௌரெனிடம் இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் போனபின் கம்ப்யூட்டரைப் போட்டாள். விசிறிகள் சுற்றின. திரை இருட்டு.

இதை மட்டும் என்னால் அடிக்க முடியவில்லை.

5

இனி நான் காதால் கேட்டது.

“படம் உள்ளேயே இருக்கிற பிராசஸரைக் குடு, கோஸ்த்யா. இனிமே யாரு எதை எடுத்து யாருக்குக் குடுத்தாலும் என் திரை எரியணும்.”

முகவரி எழுத கோஸ்த்யா பேனாவை எடுத்தான்.

“ஆளை அனுப்பி மாட்டிக் குடுக்கறேன். அதே வீட்டுக்குத்தானே?”

அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். பேனா காத்திருந்தது.

அவள் வாயைத் திறந்ததும் நான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மவுஸ்கூட வாங்கவில்லை. கோஸ்த்யா கேட்டதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள்: அதே வீட்டுக்குத்தானா?