எண்பத்தாறு கிலோ

மெலிந்த மனிதர்களால் உலகத்தில் எந்த நாடும் முன்னேறியதில்லை. கல்முனைக்குடி புடவைக்கடை முதலாளி ஸைனுலாப்தீன் ஹாஜியார் இந்த உண்மையைத் தங்கை மகளின் கலியாண விருந்தில், எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்தபடியே வெளியிட்டார். ஆதாரமும் காட்டினார். அவர் இளந்தாரியாக இருந்தபோது ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்று அதே தட்டைச் சுற்றி ஐந்து பேருக்குத்தான் இடம் போதுமாக இருக்கிறது. ஆறாவது ஆள் எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை. மற்ற ஐவருக்குள்ளும் பங்கிடப்பட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, நாட்டில் பெரியவர்களின் எடை எப்படி மாறி வருகிறது என்று அறிய குலுக்கலில் விழுந்த வீடுகளில் ஆட்களை நிறுத்தார்கள். ஹாஜியார் வீடும் அதில் விழுந்தது. பாண்டிருப்பிலிருந்து மருத்துவமாது யசோதினி தராசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன புள்ள, திரிபோஷா குடுக்கவா வந்த? அது இல்லாதப்பட்ட ஊட்டுப் புள்ளைகளுக்கு. வழி மாறி வந்திட்டாய்."

அதுவரை அந்தத் தெருவில் தராசில் ஏறியதெல்லாம் நோஞ்சான் பிள்ளைகள்தான். எடை குறைந்தால் திரிபோஷா சத்துமாப் பைக்கற் கிடைக்கும். ஆகவே தராசு என்பது ஏழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி என்றே ஹாஜியார் நம்பியிருந்தார்.

"இல்ல ஹாஜியார், இது பெரிய ஆக்களுக்கு. நாடு முழுக்க நிறுக்கிறம்."

நாடு முழுக்க என்றதும் ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. மனைவி சுல்பிகாவுக்கு அவசரமாக ஒரு கோப்பை வட்டிலப்பம் கொடுத்துத் தராசில் ஏற்றினார்.

"எம்பத்தாறு" என்றாள் யசோதினி.

"நல்லா வடிவா எழுது புள்ள. கொழும்பில பாக்கட்டும்."

"அக்காவுக்குக் கூடிப்போச்சு ஹாஜியார். சீனி வருத்தம் இருக்கா எண்டு கிளினிக்கில பாக்கணும். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலமாவது நடக்கணும்."

"நடக்கவா? வாசல்ல வேன் நிக்கிது. இவ ரோட்டில நடந்தா, ஹாஜியார்ர கடை உழுந்திட்டு எண்டு ஊர் கதைக்கும்."

சுல்பிகா பயந்துபோனாள். அவளுடைய உம்மா சீனி வருத்தத்தில் கண் தெரியாமலே மௌத்தானவள். மறுநாள் விடிய, கேற்றைப் பூட்டிவிட்டு வளவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தாள். ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையோடு விறாந்தையில் அமர்ந்தார்.

"என்ன புள்ள, இவ்வளவு தூரம் நடந்திட்டாய், பொத்துவில் ஊர் தெரியுதா?"

வேலிக்கு அப்பால் மச்சி நபீஸா சத்தமாகச் சிரித்தாள். "ராத்தாவ ஆரும் துரத்துறாங்களா?"

நான்காம் நாள் சுல்பிகா நடக்கவில்லை. கிளினிக்குக்கும் போகவில்லை. அங்கே திரிபோஷா வாங்க வருகிறவர்களின் வரிசையில் தன் மனைவி நிற்பதை ஊர் பார்க்கக்கூடாது என்று ஹாஜியார் விடவில்லை.

அடுத்த வருடம் அவள் பெருவிரலைப் புதுச் செருப்புக் கடித்தது. புண் ஆறவில்லை. விரல் கறுத்த பிறகுதான் வேன் புறப்பட்டது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சீனி என்றார்கள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது வேனுக்குள் சுல்பிகா கேட்டாள்:

"இப்ப நிறுத்தா எத்தின கிலோ வரும் மச்சான்?"

ஹாஜியார் டிரைவரிடம் றேடியோச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அவருடைய இரத்தத்தையும் பார்த்திருந்தார்கள். முடிவை அவர் யாருக்கும் சொல்லவில்லை. நாடு முன்னேறுவது பற்றியும் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் விடியச் சுபஹு தொழுதுவிட்டு நேரே வீட்டுக்கு வருகிறார். கேற்றைப் பூட்டிவிட்டு, சாரத்தை உயர்த்திக் கட்டி, வளவுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறார். சுல்பிகா யன்னலோரம் கதிரையில் இருந்து பார்க்கிறாள். வெளியில் யாராவது சலாம் சொன்னால், ஹாஜியார் குனிந்து ஒரு காய்ந்த தென்னோலையை எடுத்து, அதற்காகத்தான் வந்தவர்போல நிற்கிறார். ஆள் போனதும் ஓலையைக் கீழே போட்டுவிட்டு மறுபடி நடக்கிறார்.