ஜர்ணாவுக்காகச் சுருங்கிய சாலை

நீம்தலி முக்கில் நாற்பது அடி அகலமுள்ள சாலை, ஜர்ணா அதில் கால் வைத்ததும் இருபது அடியாகச் சுருங்கிவிடும். அவள் எதிர்ப்புறம் ஏறியதும் பழையபடி விரிந்துகொள்ளும். டாக்காவில் வெங்காய விலை ஏறி இறங்குவதைப் பழகிக்கொண்டது போல இதையும் நாங்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டோம். பழக முடியாதவன் அவள் கணவன் தொஃபஜ்ஜல் ஒருவன்தான். அவன் ஒப்பந்தக்காரரிடம் சாலை மேஸ்திரி. அந்தச் சாலைக்கு ஜல்லி கொட்டித் தார் ஊற்றியதே அவன். மழைக்கும் லாரிக்கும் அசையாத சாலை தன் மனைவியின் பிளாஸ்டிக் செருப்புக்கு மட்டும் ஏன் அசைகிறது என்பது அவனுக்கு விளங்கவில்லை. அவள் இல்லாதபோது நாடாவைப் பிடித்தால் நாற்பது காட்டியது. அவனே இறங்கி நடந்து பார்த்தான். அப்போதும் நாற்பதுதான், ஒரு பேருந்து அவன் லுங்கி நுனியை உரசிக்கொண்டு போனது.

ஜர்ணாவின் தையல் தொழிற்சாலை சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. முதலில் அவள் மட்டும் கடந்தாள். பிறகு கூட வேலை செய்யும் பெண்கள் அவள் முந்தானையை ஒட்டி நடந்தார்கள். அடுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கைத்தடிக்காரர்கள், கீரைக் கூடை கட்டிய சைக்கிள்காரர்கள். அவள் கால் எடுத்தால் சாலை விரிந்துவிடும் என்பதால், கடைசி ஆள் ஏறும்வரை அவள் நடுவிலேயே நிற்கவேண்டியிருந்தது. விடிவதற்கு முன் வீட்டைவிட்டுப் போனாள். சோறு ஆறிப்போன பிறகு வந்தாள். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்று பித்தான் தைக்கும் பாருலின் கணுக்காலை ஒரு பேருந்து நசுக்கியது. அதற்குப் பிறகு ஜர்ணா விடுமுறை நாளில்கூட வீட்டில் தங்கவில்லை. போகாதே என்று தொஃபஜ்ஜலால் சொல்ல முடியாது. ஆனால் அவளுடைய காலையையும் மாலையையும் வேறொருவன் எடுத்துக்கொண்டுவிட்டான் என்பது மட்டும் அவன் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

டீக்கடை முராத் அதை இன்னும் ஆழமாக அறுக்க வைத்தான். "என்ன பாய், உன் சக்களத்தன் இன்னிக்கு ரொம்ப இளைச்சுட்டானே."

"பேசாம டீயை ஆத்து."

"கோவிச்சுக்காதே. நீயும் கொஞ்சம் இளைச்சுப் பாரேன். ஜர்ணா ஆபா திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பாங்க."

பொறாமைப்படுகிறவனைப் போல உற்றுப் பார்க்கிறவன் உலகத்தில் கிடையாது. தொஃபஜ்ஜல் மழைக்காலம் முழுவதும் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து தன் எதிரி என்ன செய்கிறான் என்று கவனித்தான். ஜர்ணா இறங்கும்போது இரண்டு பக்கத்து நடைபாதைகளும் நாக்கு நீட்டுவது போல உள்ளே வந்தன. கடக்கவேண்டிய தூரம் பாதியானது. முக்கின் வளைவு மடங்கிக் கூரானது. அகன்ற வளைவில் வேகம் குறையாமல் சுழன்று வருகிற பேருந்து, கூரான மூலையில் பிரேக்கை மிதித்தே ஆகவேண்டும். சாலை நடைபாதை மட்டத்துக்கு உப்பியது. மனிதர் இறங்கவேண்டியதில்லை, சக்கரம்தான் ஏறவேண்டும். நீண்ட நாக்குக்குப் பின்னால் சைக்கிளும் ரிக்‌ஷாவும் மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து விட்டிருந்தது. போலீஸ் இல்லை, விசில் இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை. அகலமான சாலை ஓட்டுகிறவனின் காலை அமுக்கச் சொல்கிறது, குறுகலான சாலை எடுக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இதைக் கண்டுகொண்டதும் அவனுக்கு ஊர்மேல் அக்கறை பிறந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. அவன் நினைத்தது இதுதான்: இவளுக்கு மட்டும் செய்வதை ஊரில் எந்தக் காலுக்கும் செய்ய வைத்துவிட்டால், அதற்குப் பெயர் காதல் இல்லை, கட்டுமானம். ஒப்பந்தக்காரரைப் பிடித்து நடைபாதைப் பழுது என்று அனுமதி வாங்கினான்.

ஈத் வந்தது. பேருந்துகளெல்லாம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஊர்களுக்குப் போய்விட, டாக்கா காலியாகக் கிடந்தது. தொஃபஜ்ஜல் ஊருக்குப் போகவில்லை. சாலை நடுவில் முக்காலி போட்டு ஜர்ணாவை உட்காரவைத்தான். சிமெண்டு இறுகும்வரை மூன்று நாள் அவள் அங்கேயே இருந்தாள். தூங்கும்போதும் ஒரு கால் தரையில் பட்டிருந்தது. சுருங்கி நின்ற சாலையின் விளிம்பைப் பிடித்து அவன் வரிசையாகக் கல் பதித்தான், உப்பிய மேட்டுக்கும் சிமெண்டு போட்டான். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் இருந்தது அதுவே முதல் முறை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான் பூச்சுக் கரண்டியைக் கீழே வைக்காமல். "அது மேல உனக்கு என்ன?"

"எது மேல?"

"இதோ, உன் காலடியில கிடக்குதே."

ஜர்ணா வாயிலிருந்த சேமியாவை விழுங்கினாள். "ஏங்க, நான் வந்தா அது ஒதுங்குது. நம்ம வீடு ஒரே ரூம்பு. கொதிக்கிற சோத்துப் பானையைத் தூக்கிட்டு நான் வர்றேன், நீங்க காலை நீட்டிப்போட்டு போனைப் பாத்துட்டு இருக்கீங்க. ஒருநாளாவது மடக்கியிருக்கீங்களா?"

"சொல்லியிருந்தா மடக்கியிருப்பேன்."

"ரோட்டுக்கு நான் சொன்னேனா?"

தொஃபஜ்ஜல் அடுத்த கல்லை வேண்டியதற்கு மேல் ஓங்கித் தட்டினான்.

ஈத் முடிந்து ஜனங்களும் பேருந்துகளும் திரும்பி வந்தபோது சாலை இருபது அடியாகவே நின்றது. பேருந்துகள் மூலையில் வேகம் குறைத்தன, மேட்டில் ஏறி இறங்கின. பாருல் கட்டையை ஊன்றிக்கொண்டு தனியாகக் கடந்தாள். சைக்கிள்கள் சந்து வழியே போயின. ஜர்ணா கூட்டத்தில் ஒருத்தியாக நடந்து, சூரியன் இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்தாள். பானை வாசலில் தெரிந்ததும் தொஃபஜ்ஜல் காலை மடக்கிக்கொண்டான்.

ஒரு குறை மட்டும் பாக்கி இருந்தது. காலையும் மாலையும் ஜர்ணா கடக்கும் நேரத்தில் விளிம்புக் கல் விரிசல் விட்டது. பழைய பழக்கத்தில் சாலை அவளுக்காக இன்னும் ஒரு விரல் அகலம் நகரப் பார்த்தது. அவன் பூசினான், மறுநாள் மறுபடி விட்டது. இன்னும் கெட்டியாகக் கலந்து பூசினான். இன்னும் பெரிதாக விட்டது. "மறக்க மாட்டேங்கிறானே பாய்" என்றான் முராத். ஓர் ஆண்டு மல்லுக்கட்டிய பிறகு தொஃபஜ்ஜல் ஒரு வெள்ளிக்கிழமை உளியோடு போனான். வெயிலில் பாலம் நீளுவதற்கு இடம் விடுவது போல, இருபுறக் கற்களுக்கும் பின்னால் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி வெட்டி, அதில் இளகிய தாரை ஊற்றினான். ஜர்ணா இறங்கும்போது அந்தத் தார் லேசாகப் பிதுங்கும், அவள் ஏறியதும் அமுங்கும். அதன்பிறகு கல் விரிசல் விடவில்லை.