வாத்து இல்லாமல் தீர்ப்பு இல்லை

மைலிஸ் பானையில் உறைந்த கொழுப்புக்குள் கையை விட்டு, அதில் பதம்போட்டு வைத்திருந்த வாத்துக்காலைத் தேடிக்கொண்டிருந்தபோது, நல்ல சதைப்பற்றாகப் பார்த்து எடுக்கச் சொல்லி உள்ளறையிலிருந்து அப்பா ஒதே குரல் கொடுத்தார். சில நாளாகத் தண்ணீரையே கரண்டியில் வாங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

காலையில் டாக்டர் நாடி பார்த்துவிட்டு, இனி அவர் ஆசைப்படுவதைக் கொடுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா ஆர்லெத் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒதே மட்டும் குஷியாகிவிட்டார். இதயம் கெட்டதிலிருந்து வாத்துக் கொழுப்புக்குத் தடை போட்டவரே அந்த டாக்டர்தான்.

"அந்தாளுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு," என்றார் ஒதே.

அந்தத் தடையில் மாட்டிக்கொண்டு அவரைவிட அதிகமாகத் தவித்தவள் மகள்தான். அவர் படுக்கையில் விழுந்த வருஷம், தென்மேற்குப் பிரான்சின் மதிரான் சரிவில் இருந்த அவர்களுடைய திராட்சையை அவள் தனியாக அறுத்து, முதல் தடவையாகத் தானே ஒயின் போட்டாள். தன்னா என்கிற அந்தத் திராட்சை லேசுப்பட்டதல்ல. மை மாதிரி கறுப்பு. துவர்ப்பு பல்லைப் பிடித்தால் விடாது. அவள் வேறு திராட்சை கொஞ்சம் சேர்த்து அதை இளக்கியிருந்தாள். பெண் கை பட்டதும் புலி பூனையாகிவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்து ராமோன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒதே ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் வாய் அடைத்துவிடும். அவரோ கிளாஸைத் தொடவே மாட்டேன் என்றார். வாத்து இல்லாமல் இந்த ஒயினுக்குத் தீர்ப்புச் சொல்வது மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடத்துகிற மாதிரியாம். டாக்டர் சொன்ன வேகவைத்த மீனோடு குடித்தால் ஆணியைச் சப்பின மாதிரி இருக்குமாம். செம்மறியாட்டுப் பால் சீஸ் நறுக்கி ஆசை காட்டியும் பார்த்தாள். அதெல்லாம் இரண்டாந்தாரம் என்று ஒதுக்கிவிட்டார்.

இன்றைக்கு அவள் விடுவதாக இல்லை. டாக்டர் படி இறங்கியதுமே தன் ஒயினைத் திறந்து ஜாடியில் ஊற்றிக் காற்றாட வைத்துவிட்டாள். வாத்துக்காலைத் தோல் மொறுமொறுக்கும் வரை வாட்டினாள்.

முதுகுக்குத் தலையணை கொடுத்து அவரை உட்காரவைத்து, மடியில் பலகை போட்டு எல்லாவற்றையும் பரப்பினார்கள். முட்டைக்கோஸும் வெள்ளை பீன்ஸும் வாத்தெலும்பும் குழையக் கொதித்த சூப்பில்தான் அந்த வீட்டில் சாப்பாடு தொடங்கும். மைலிஸ் கரண்டியை எடுத்தாள்.

"வரிசையெல்லாம் வேணாம். முதல்ல வாத்தக் குடு," என்றார் ஒதே. "எனக்கு நேரமில்ல."

"ஏன், ரயிலுக்குப் போகணுமா?" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ஒருவழியாக அடங்கியது. மைலிஸ் சுண்டுவிரல் நகமளவு கறியைத் தோலோடு பிய்த்து ஊட்டினாள். அதை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் கிளாஸுக்கு வாயைத் திறந்தார். ஒரு மடக்கு வாங்கி, விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சூப்பைக் கைகாட்டினார்.

அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. சாகப்போகிறவர் முன்னால் பாராட்டுக்காகக் காத்து நிற்கிறோமே என்று தன் மேலேயே வெட்கமாகவும் வந்தது. சூப்பை ஊட்டினாள். கிண்ணத்தில் கடைசிக் கொஞ்சம் மிஞ்சியதும் அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஷப்ரோ என்பார்கள். ஒதேவுக்கு அது ஒருநாளும் தவறியதில்லை. ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இதிலாவது கரைந்து உள்ளே போகட்டும் என்று நினைத்து, அவள் தன் ஒயினைக் கிண்ணத்தின் மேல் சாய்த்தாள்.

ஒதேயின் கை சட்டென்று வந்து கிண்ணத்தை மூடியது.

"ஏண்டி, உனக்கென்ன கிறுக்கா?" என்றார். "இதையா சூப்புல ஊத்துவே? போ, அடுப்படில தினப்படி பாட்டில் கிடக்கு. அத எடுத்துட்டு வா."

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. நல்ல ஒயினைச் சூப்பில் ஊற்றிவிட்டான் என்று என் தம்பியோடு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாதவர் இந்த மனுஷன் என்றாள். மைலிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தில் பொங்கிய சந்தோஷத்தை அவர் பார்ப்பதற்குள் அடுப்படிக்கு ஓடினாள்.

பாதி குறைந்த தினப்படி பாட்டிலைத் தேடி எடுத்து, ராமோனிடம் இதை எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

அம்மா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். தலையணையில் சரிந்திருந்த தலையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள். மைலிஸ் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். அவர் கை கிண்ணத்தை மூடியபடியே இருந்தது. விரலிடுக்கில் சூப்பின் ஆவி லேசாக வந்துகொண்டிருந்தது. அது நிற்கும் வரை இருவரும் அந்தக் கையை எடுக்கவில்லை.